ஏழு

செப்டம்பர் பதினெட்டு. இரவு இரண்டு டிகிரி என்றது வானொலி.
மைமுவின் பால்கனியிலிருந்து
அன்னெலினில் என் ஐந்தாம் மாடிக்கு
சேம்பின் தூரத்து உறவு ஒன்று
இரவல் வாங்கிய குழந்தைத் தள்ளுவண்டியில் வந்து சேர்ந்தது.

பிரிந்தபோது பாத்திரங்களைப் பிரித்தோம், படகை விற்றோம்.
செடியைப் பாதியாக்க முடியவில்லை.
கோடை அவளுக்கு.
தெற்கு ஜன்னல் என்னிடம் என்பதால்
குளிர்காலம் எனக்கு.
"தண்ணீர் குறைவாக ஊற்று, ஹெல்துர்.
நீ எதையும் அளவோடு செய்ததில்லை."
கையெழுத்து வாங்காத குறை.

நவம்பரில் சூரியன்
தாமதமாக வந்து சீக்கிரம் கிளம்பும் குமாஸ்தா.
விளக்கு வாங்கினேன், ஊதா வெளிச்சம்.
எதிர்க் கட்டடத்தில் யாரோ போலீசுக்குச் சொல்ல
இரண்டு பேர் வந்தார்கள், பூட்ஸைக் கழற்றினார்கள்,
இலையைத் தடவிப் பார்த்தார்கள்.
ஒருவர் தன் வீட்டு எலுமிச்சைக்கு
மருந்து கேட்டுக்கொண்டு போனார்.

ஹீட்டர் காற்றின் ஈரத்தைக் குடித்தது.
இலையடியில் சிலந்திப்பேன்:
உப்புத்தூள், உற்றுப் பார்த்தால் நடக்கிற உப்பு.
ஈரத்துணியால் ஒவ்வொரு நரம்பாகத் துடைத்தேன்,
பனிவாரி வண்டி ஓட்டிக் காய்த்துப்போன கையால்.
காதலித்த காலத்திலும்
இத்தனை மெதுவாக நான் எதையும் தொட்டதில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன் ஒன்று மஞ்சளானது.
பிறகு அதன் பக்கத்தில் இருந்தது.
பிறகு, ஒரே வாரத்தில், இரண்டு.

ஞாயிறுதோறும் மைமுவின் குறுஞ்செய்தி: எத்தனை?
ஏழு, என்று அனுப்பினேன்.
மைனஸ் இருபத்தாறில்
ஊர்ப் பனியையெல்லாம் ஓரம் தள்ளிவிட்டு வந்து
மூன்று இலைக்கு முன்னால் உட்கார்ந்து
ஏழு.

பிப்ரவரியில் ஒரு காம்பைக் கிழித்துக்கொண்டு
சுருட்டிய ரசீதுபோலக் குருத்து.
விரியப் பத்தொன்பது நாள் எடுத்துக்கொண்டது.
யாரிடம் சொல்வது?
சொன்னால் எட்டு என்று சொல்லவேண்டும்.

ஜூன் முதல் வாரம் தள்ளுவண்டியோடு வந்தாள்.
இலைகளை எண்ணவில்லை.
தண்டில் காம்பு உதிர்ந்த வடுக்கள்மேல்
விரல் வைத்து இறங்கினாள்,
நான்காவதில் நிறுத்தினாள்.
"ஏழு," என்றாள்.
"ஏழு," என்றேன்.
மண்ணுக்குள் விரல் விட்டுப் பார்த்தாள்.
இரண்டு கணு ஆழம்வரை காய்ந்திருந்தது, அளவாக.

வண்டியின் முன்சக்கரம் கோணியிருந்தது.
ஸ்பேனர் இருக்கிறது, ஐந்து நிமிடம் ஆகும் என்றேன்.
ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைதான்.
அவள் கோட்டைக் கழற்றி
ஹீட்டர்மேல் போட்டாள்.