வில்லங்கம்

பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில் வேலை எனக்கு.
ஒரு பக்கம் இரண்டு ரூபாய்.
மஞ்சக்குப்பத்து மனைகளில் பாதி
என் கண்ணாடிமேல் குப்புறப் படுத்து
எழுந்து போனவை.

ராத்திரியில் பேருந்து ஓட்டுவேன்.
பனி கொட்டும் ஏதோ ஊருக்காக
யாரோ செய்த விளையாட்டு.
முதலில் பனியை நிறுத்தினேன்.
அப்புறம் சாலையைக் கொஞ்சம் உடைத்தேன்.
சிப்காட் வாசலில் கிளம்பி
பாண்டி போய்ச் சேர
முப்பத்தொரு நிறுத்தம்,
மூன்று வருஷம்.
ரசாயன வாடையை மட்டும் வைக்க முடியவில்லை;
அந்த இடம் வந்தால்
ஜன்னல்கள் தாமாக மூடிக்கொள்ளும்.
பெண்ணையாற்றுப் பாலத்தில்
எப்போதும் எதிரே ஒரு மணல் லாரி.
முள்ளோடையில் ஒயின் ஷாப் விளக்குகள் தெரிந்ததும்
பின்சீட்டில் மூன்று பேர்
வண்டி நிற்குமுன்பே எழுந்து நிற்பார்கள்.

பதினோராயிரம் பேர் ஓட்டினார்கள்.
ஷார்ஜாவில் கம்பி கட்டும் ஒருவர்
ரெட்டிச்சாவடியில் இறங்க வழி கேட்டார்.
கதவு வைத்துக் கொடுத்தேன்.
இறங்கினால் வெறும் புல்தான்.
அவர் நன்றி என்று எழுதினார்.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது.
மேற்படி விளையாட்டு, மேற்படி சக்கரங்கள்,
மேற்படி உடைமையில் அத்துமீறல்,
எழுபத்திரண்டு மணி நேரம்.
பழகிய நடைதான்.
இரண்டு பிரதி எடுத்து
நாலு ரூபாயைக் கல்லாவில் போட்டேன்.
முதலாளி பக்தவச்சலம் வாசித்துவிட்டு
"அடுத்தவன் மனையில கட்டிட்டியேம்மா" என்றார்.
மனை அவங்களுது, ஊர் யாருது, என்றேன்.
"ஊருக்குப் பத்திரம் இருக்கா?"

இல்லைதான்.
அன்று ராத்திரி நானே எழுதினேன்.
வடக்கே பாண்டி பேருந்து நிலையத்து மூத்திரச் சுவர்.
தெற்கே புகை.
கிழக்கே கடல், பட்டா கிடையாது.
மேற்கே ரயில்வே கேட், அனேகமாகச் சாத்தியிருப்பது.
இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட
வெயிலும் வேகத்தடையும் என் சுவாதீனம்.
மேற்படி சொத்தில்
எவ்வித வில்லங்கமும் இல்லை என்று

அங்கே கை நின்றுவிட்டது.

போன தை மாசம்
நெல்லிக்குப்பத்து ஹாலித் என்ற பையன்
என் ஹாரனை எடுத்து
அவன் வண்டியில் பொருத்திக்கொண்டான்.
திருட்டு நாயே என்று எழுதினேன்.
பதினேழு வயசு அவனுக்கு.
எழுபத்திரண்டு மணி நேரமெல்லாம் தரவில்லை,
ஒரு மணி நேரம் தந்தேன்.
பிறகு கோப்புகளுக்குப் பூட்டு போட்டேன்.

அந்த ஹாரன் நான் ஊதியதா?
"ஏறு ஏறு, படியில நிக்காத,
அரியாங்குப்பம்லாம் உள்ள போ"
என்று என் வண்டியில் கத்துகிற குரல்
கலியபெருமாளுடையது,
காலை ஏழு பத்து தனியார் வண்டி நடத்துநர்.
சாப்பாட்டுப் பையில் போனை ஒளித்து
நாற்பது நிமிஷம் எடுத்தேன்.
டிக்கெட் வாங்கினேன்.
அனுமதி வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கெடுவுக்கு முன்னால்,
எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன்.
ஷார்ஜாக்காரர் எங்கே போச்சு என்று கேட்டார்.
சாலை வேலை நடக்குது என்று சொல்லிவைத்தேன்.
ஹாலித்துக்குப் பூட்டின் சாவியை அனுப்பினேன்.
ஒரு கேள்விக்குறி மட்டும் பதில் வந்தது.

சனிக்கிழமை ஏழு பத்து வண்டியில் ஏறினேன்.
கூட்டம் குறைந்ததும் இயர்போனை நீட்டி
ஒரு நிமிஷம் கேளுங்க என்றேன்.
காதில் வைத்தபடியே
முன்னால் இருவருக்கு டிக்கெட் கிழித்தார்.
"யாருங்க இவன்,
தொண்டை கட்டினவன் மாதிரி,
எந்த ரூட்டு?"

சொல்ல வாயெடுத்தேன்.
கிருமாம்பாக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்
மொத்தமாக ஏறிவிட்டார்கள்.

இருபத்தெட்டு ரூபாய் டிக்கெட்டுக்கு
முப்பது கொடுத்திருந்தேன்.
சில்லறை இல்லையென்று
டிக்கெட்டின் முதுகில் 2 என்று எழுதி
சுழித்துக் கொடுத்தார்.
இறங்கும்போது வாங்க மறந்துவிட்டேன்.