நாலு ஓட்டை

வண்டி எடுத்த மூன்றாம் நாள்
குரங்குச்சாவடியில் ஜல்லி ஏற்றினேன்.
இறக்கிவிட்டுப் பார்த்தால்
தொட்டியின் வெள்ளைப் பெயிண்டில்
பூனை பிறாண்டியது போல் ஏழெட்டுக் கோடு.
அறுபது தவணையில் ஒன்றுகூட இன்னும் கட்டவில்லை.
அன்றிரவு செல்போன் வெளிச்சத்தில்
அதைத் தடவிக்கொண்டிருந்ததை
செல்லப்பொண்ணு பார்த்துவிட்டாள்.
'எனக்குந்தான் வயித்துல தழும்பு இருக்கு,
எந்த டார்ச்ச அடிச்சுப் பாத்தீங்க.'

ஷோரூமில் அளவெடுத்துச் செய்த லைனர்
பதினெட்டாயிரம் என்றார்கள்.
கறுப்புப் பிளாஸ்டிக்,
பிள்ளையைக் குளிப்பாட்டுகிற தொட்டி மாதிரி.
பள்ளப்பட்டிப் பழைய இரும்புக்கடைச் சந்தில்
ஜபருல்லா கன்வேயர் பெல்ட்டை
ஜமுக்காளமாய்ச் சுருட்டி நிறுத்தியிருந்தார்.
விரல் தடிமன். எடைக்குத்தான் விலை.
'வெள்ளக்கல் சுரங்கத்துல ஓடுனது தம்பி.
உங்க வண்டி போயிரும், இது போகாது.'

எண்பத்தாறு கிலோ.
இனி நடைக்கு எண்பத்தாறு கிலோ
பாரம் குறைத்துத்தான் ஏற்ற வேண்டும்,
ஒரு ஆளும் அவன் சோற்றுக் கூடையும்.
அதைக் கணக்கில் எழுதாமல் வாங்கிவந்தேன்.

முதல் நடை ஏற்காட்டுக்கு.
கோழித்தீவனம், சிமெண்ட்,
நாகலூரில் யாருக்கோ கல்யாணச் சீர் பீரோ.
முதலாளி வண்டி ஓட்டிய நாளில்
கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி
சரக்கு வழுக்கி வந்து முதுகில் இடிக்கும்.
இப்போது சத்தமே இல்லை.
சத்தமில்லாத பயத்தில்
பன்னிரண்டாம் வளைவில் நிறுத்திவிட்டு
பீரோ இருக்கிறதா என்று பின்னால் போய்ப் பார்த்தேன்.
இருந்தது.
அதன் கண்ணாடியில் நான்,
என் தோளுக்குப் பின்னே மொத்தச் சேலமும்.

இறங்கும்போது காப்பி மூட்டை, மிளகு, பலா.
ஒருமுறை இருபது வெள்ளாடு
ரப்பரில் குளம்பை ஊன்றிக்கொண்டு,
டவுன் பஸ்ஸில் நிற்கிறவர்கள் போல
எங்கோ பார்த்தபடி வந்தன.

எத்தனை கழுவினாலும்
பெல்ட்டின் நூலிடுக்கிலிருந்து வெள்ளைப் பொடி.
மூட்டை அடியில், ஆட்டின் முழங்காலில்,
என் கைலி மடிப்பில்.
சுரங்கம் மூடி எத்தனை வருஷமோ,
அதன் கல் மட்டும்
தினம் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

மூன்றாவது ஐப்பசி.
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து நாலு நடை உப்பு,
மேலே விடாத மழை.
வெயில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை
தீர்த்தகிரியைக் கூப்பிட்டுப் பெல்ட்டைத் தூக்கினேன்.
முதலில் நாற்றம்தான் எழுந்தது.
அப்புறம் துரு,
காப்பித் தூளைக் கொட்டிப் பரப்பியது போல்.
ஜல்லிக் கோடுகள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.
மேலே விழுந்ததையெல்லாம் தாங்கிக்கொண்ட பெல்ட்
கீழே புகுந்த தண்ணீரைப் போகவிடவில்லை.

'தகரத்துக்கு மூச்சு வேணும்ணே.
கீழ கட்டைய வெச்சு பெல்ட்ட ஒசத்துங்க,
நாலு மூலையிலயும் ஓட்டை போடுங்க'
என்றான் தீர்த்தகிரி.
ட்ரில்லை அவனிடமிருந்து நானே வாங்கிக்கொண்டேன்.
கீறலுக்குத் தூங்காமல் கிடந்தவன்
முழு எடையையும் கொடுத்து அழுத்தினேன்.
சுருள் சுருளாய்த் தகரம் வந்தது.
நாலாவதில் கை நடுங்கவில்லை.

தவணைக்கு வந்த செங்கோட்டுவேல்
குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான்:
'இன்னும் முப்பத்துநாலு தவணை பாக்கிங்க.
நாலு ஓட்டைல ரெண்டேகால் எங்களோடது.'
தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

பெல்ட்டை அளவுக்கு அறுத்தபோது
ஒன்றரை முழம் மிச்சம் விழுந்ததை
அன்றைக்கே செல்லப்பொண்ணு கொண்டுபோய்
துவைக்கிற கல்லுக்கு முன்னால் போட்டுக்கொண்டாள்.
ஓடும் திசைக்கு அடித்திருந்த அம்புக்குறி
அவள் பாதத்தில் தேய்ந்து பாதி போயிருக்கிறது.
இரண்டு வருஷமாக அதைத் தாண்டித்தான்
குளிக்கப் போகிறேன்.
நேற்றுத்தான் கண்ணில் பட்டது:
ஆணியைச் சுடவைத்துக் குத்திய
ஐந்து ஓட்டை.

'இது எப்ப போட்ட?'
துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:
'தண்ணி நின்னுச்சு. போட்டேன்.'