பதினேழாம் நம்பர் கம்பம்

தபால் நிலையத்தை மூடிய மறுவாரமே
அதன் வரிசை என் கடைக்கு நகர்ந்துவிட்டது.
பலகையில் எழுதியிருப்பது
'கைப்பேசி பழுதுபார்க்கப்படும்'.
வருகிறவர்கள் கொண்டுவருவதோ
நல்ல கைப்பேசியும் பழுதான காரியமும்.

தண்ணீர் பில் இனிமேல் காகிதத்தில் வராதாம்.
கிளினிக் நம்பரை முந்தின இரவே எடுத்து வைக்கணுமாம்.
கடவுச்சொல்லில் பெரிய எழுத்து ஒன்று கட்டாயமாம்.
'தமிழ்ல எதும்மா பெரிய எழுத்து?'
செம்பனை லோரி ஓட்டும் சற்குணம் கேட்கிறார்.
நான் யோசிப்பதற்குள் மூன்று முறை தவறி
கணக்கு தன்னைப் பூட்டிக்கொண்டது.

கண்ணாடி ஒட்டும் நேரத்தில் ஆளுக்கொரு கருத்து.
பேட்டரியை வேணும்னே சாகடிக்கிறானுங்க
என்பது இருதயராஜ் கட்சி.
கோழி வாங்கணும்னு மனசுக்குள்ளதான் நினைச்சேன்,
அதுக்குள்ள கோழி விளம்பரம் வருது
என்பது ஜெயசீலியின் சாட்சியம்.
வங்காளதேசத்து ரஃபிகுல் மட்டும்
எந்தக் கம்பெனியையும் திட்டுவதில்லை.
அவன் மகள் நடக்கப் பழகியது
இந்த ஆறங்குலத்துக்குள்தான்.
திரையின் விரிசலைத் தாண்டித் தாண்டி
தத்தி வந்தாளாம்.
மாற்றிவிடவா என்றால்
'காஜி வரட்டும், காக்' என்கிறான்.
நாலு மாதமாக அதே பதில்.

லோரிகள் திரும்பும் வளைவில்
பதினேழாம் நம்பர் விளக்கு
தீபாவளிக்கு முன்பே கண்ணை மூடிவிட்டது.
என் தங்கை வீட்டுக்காரர்
மோட்டாரோடு விழுந்தது அங்கேதான். ஆறு தையல்.

நகராண்மைக் கழகத்துச் செயலியில் புகார் போட்டேன்.
ஊர்: பத்து லீமா.
தமிழன் காதுக்கு அது பத்து,
மலாய்க் கணக்கில் ஐந்து,
செயலிக்கு அது எந்த மாவட்டமும் ஆகலாம்.
புகார் வேறெங்கோ ஒரு பத்து லீமாவுக்குப் போய்
நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்கைச் சரிபார்த்துத்
திரும்பி வந்தது.

இரண்டாம் முறை படம் கேட்டார்கள்.
பதினெட்டுத் தவணையில் வாங்கிய புதுக் கைப்பேசி,
இரவைப் பகலாக்கும் என்று நானே நாலு பேருக்கு விற்றது.
மூன்று நொடி அசையாதே என்றது.
கொசு கடிக்கக் கடிக்க அசையாமல் நின்றேன்.
படத்தில் கம்பம், கால்வாய், செம்பனை மட்டை,
யாரோ வீசிய ஒற்றைச் செருப்பு,
எல்லாம் பளிச்.

மறுநாள் பதில்:
'படத்தில் போதிய வெளிச்சம் உள்ளது.
புகார் தீர்க்கப்பட்டது.
எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?'

இருதயராஜின் பழைய செட்டை இரவல் வாங்கினேன்.
கேமராக் கண்ணில் பூஞ்சை பிடித்தது.
முழுக்க முழுக்கக் கறுப்பாக எடுத்தது,
உள்ளதை உள்ளபடி.
'படம் தெளிவாக இல்லை. மீண்டும் முயல்க.'

'கம்பெனிக்காரன் இருட்டைக் காட்ட விடமாட்டேங்கிறான்,
கழகத்துக்காரன் இருட்டைப் பார்க்க வரமாட்டேங்கிறான்'
என்று சற்குணம் மேசையைத் தட்டினார்.
'பேச்சு போதும், கண்ணாடிய கோணலா ஒட்டிட்ட பாரு'
என்றாள் ஜெயசீலி.
கோணல்தான். உரித்து மறுபடி ஒட்டினேன்.
இரண்டு வெள்ளி நட்டம்.

ஒன்பதரைக்குக் கதவை இழுத்துவிட்டு நடக்கிறேன்.
வளைவில் கம்பத்தோடு சாய்ந்தபடி
ரஃபிகுல் வீடியோவில் பேசிக்கொண்டிருக்கிறான்.
வீட்டுக்குள் சிக்னல் கிடையாது, இங்கேதான் இரண்டு கோடு.
திரை வெளிச்சம் அவன் முகத்தில் விழ,
முகம் மட்டும் தனியாகத் தெருவில் மிதக்கிறது.
வேகமாக வந்த லோரி
அதைப் பார்த்து
கியர் மாற்றி மெதுவாகத் திரும்புகிறது.

பேட்டரி எவ்வளவு இருக்கு என்று கேட்டேன்.
'பதினொன்று, காக்.'
கடைக்குத் திரும்பிப் போய்
பவர்பேங்க் ஒன்றை எடுத்து வந்தேன்.