சோங்கு

உரப்பையில் சுற்றிக் கொண்டுவந்தாள்.
அவிழ்த்தால் மரம் மட்டும், கழுத்தில் முறிந்து.
இரும்பு வீட்டில் நிற்கிறதாம்,
கடிதம் இல்லாமல் றோட்டில் கொண்டுவர ஏலாதாம்.
முறிவைச் சுற்றி சைக்கிள் ரியூப்,
அதற்கு மேல் செப்புக் கம்பி,
அதற்கும் மேல் ஏதோ பசை வெள்ளையாய்க் காய்ந்திருந்தது.

"யானை கொட்டிலைச் சாய்ச்சுப் போட்டுது.
துவக்கு கீழ அகப்பட்டிட்டுது.
சோங்கு ஒண்டு போட்டுத் தாங்கோ அண்ணை."

ஒட்டுசுட்டானில் இருபது வருசமாய்
கதவு செய்கிறேன், யன்னல் செய்கிறேன்,
அலுமாரி, ஆட்டுக்கொட்டிலுக்குப் படலை,
அவசரமென்றால் பெட்டி.
சோங்கு செய்ததில்லை.
அந்தச் சொல்லை முதலில் படித்தது
என் வலது தோள்பட்டைக்குக் கீழே
இரண்டு விரற்கடை இடம்.
ஆர் அடித்தது என்று கேட்காதீர்கள்.
துவக்கு வைத்திருந்தவர்கள் அடித்தார்கள்.

"ஒட்டினால் நிக்காது தங்கச்சி.
உதை முழுக்க கழுத்திலதான் வந்து இறங்கும்."
"தெரியும்," என்றாள்.

அடுத்த கிழமை இரும்போடு வந்தாள்.
கச்சேரி லைசென்ஸ், பொலிஸ் கடிதம், விதானையின் சீல்,
மூன்றும் ஒரே பொலித்தீன் பையில்.
லைசென்சில் மாமனார் கதிர்காமத்தம்பி.
அவருக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்துவிட்டது.
திருத்தக் கொண்டு போகிறவர்: மருமகள் பத்மலோஜினி.
சுடுகிறது ஆரென்று கடிதம் கேட்கவில்லை.
முத்துஐயன்கட்டில் மூன்று ஏக்கர் கச்சான்,
இரவில் பன்றி.

பின்வளவில் பழைய முதிரை நிலை ஒன்று கிடந்தது,
ஆர் வீட்டு வாசலோ.
அரிய முன் எந்த மரத்திலும்
உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைத் தடவிப் பார்ப்பேன்.
இங்கே மரம் அரிகிற எல்லாரும் அப்படித்தான்,
வாள் விற்கிற விலைக்கு.
ஒரு முழத்தில் டக்கென்று பிடித்துக்கொண்டது.
அந்தத் துண்டைத் தள்ளி வைத்தேன்.
மற்றதில் பிடிக்கவில்லை.
ஈயத்தைக் காந்தம் கண்டுகொள்ளாது, அதுவும் தெரியும்.
என்றாலும் எங்கேயாவது ஓரிடத்தில்
வாளை வைக்கத்தானே வேணும்.

நார் கழுத்தின் போக்கிலே ஓட வேண்டும்,
குறுக்கே விழுந்தால் மறுபடி முறியும்.
போத்தல் விளக்கின் புகையில் இரும்பைக் கறுக்கப்பண்ணி
மரத்தில் வைத்து எடுத்தேன்.
கரி பட்ட இடத்தை மட்டும் உளியால் சீவினேன்.
வைத்து, எடுத்து, சீவி, வைத்து
மூன்று பகல் போனது.
நாலாம் நாள் கைக்கு அளவெடுக்கக் கூப்பிட்டேன்.

முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதல் மொளி வரை
பதின்மூன்று அங்குலம், நூல் குறைய.
பழையது பதினாலரை,
கதிர்காமத்தம்பியின் கை.
இவ்வளவு காலமும் தோள் நீலம் பாய்ந்திருக்கும்.
அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோ," என்றேன்.

புதிதாய்ப் பிடிக்கிறவர்கள்
தலையைக் குனிந்து மரத்தைத் தேடுவார்கள்,
ஒரு கண்ணை இறுக்கி மூடுவார்கள்.
அவள் தலை அசையவில்லை.
மரம்தான் கன்னத்துக்கு வந்தது.
இடக்கால் அரை அடி முன்னே போனது.
இரண்டு கண்ணும் திறந்திருந்தன.

நான் கேட்கவில்லை.

என் கால்கள் தாமாகவே பின்னுக்குப் போய்
வாங்கில் முட்டி நின்றதை
அப்போதுதான் கவனித்தேன்.
அவளும் கவனித்தாள்.
மெல்ல இறக்கினாள்.
"வெறும் மரம்தானே அண்ணை."
"ஓம்."

அவளும் கேட்கவில்லை.

கால் அங்குலம் குறைக்கச் சொன்னாள், குறைத்தேன்.
இலுப்பெண்ணெய் இரண்டு தரம் பூசினேன்.
கடைசியில், அவள் சொல்லாத ஒரு வேலை:
சோங்கின் அடிப்பக்கத்து மூலை இரண்டையும்
உருட்டி விட்டேன்.
அரம், பிறகு மட்டத்தாள், பிறகு என் உள்ளங்கை.
எத்தனை தரம் என்று நினைவில்லை.

காசை எண்ணித் தந்தாள், ஐந்நூறு குறைய.
கச்சான் பிடுங்கினதும் தருவாளாம்.
முறிந்த பழசை விட்டுவிட்டுப் போனாள்.
செப்புக் கம்பியைக் கழற்றி எடுத்துக்கொண்டு
மரத்தை அடுப்பில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாமத்தில் ஒரு வெடி.
நாய்கள் எழும்பின.
"யானை வெடி போல கிடக்கு," என்றாள் மனிசி
கண்ணைத் திறக்காமல்.
இல்லை.
பன்னிரண்டு போர்.
இரண்டாவதற்குக் காத்துக் கிடந்தேன்,
தோள்பட்டைக்குக் கீழே இரண்டு விரற்கடை இடம்
முழித்திருந்தது.

விடியும்வரை கேட்கவில்லை.