எழுபத்தெட்டு புள்ளி நான்கு

இன்றும் அதே எண்.
தோட்டைக் கழற்றிவிட்டு ஏறினேன்,
ஈரக் கூந்தலைப் பிழிந்துவிட்டு ஏறினேன்,
மூச்சை வெளியே விட்டுவிட்டும் ஏறினேன்,
மூச்சுக்கும் ஏதோ கனம் இருப்பதுபோல.
எழுபத்தெட்டு புள்ளி நான்கு.

முதலில் தராசின்மேல்தான் சந்தேகம் வந்தது.
தேக்காவில் வாங்கிய ஐந்து கிலோ பொன்னியை
அலுங்காமல் அதன்மேல் வைத்தேன்.
ஐந்து என்றது, பட்டென்று.
பொய் சொல்லத் தெரியாத ஒன்றைக்
குளியலறையில் குடிவைத்திருக்கிறேன்.

பிப்ரவரியில் தொடங்கியது இந்த நடை.
ஐந்தேகாலுக்கு அலாரம்,
கிளமெண்டியின் ஈரக் காற்று,
கால்வாயோரம் ஆறாயிரம் அடி, பிறகு பத்தாயிரம்,
மே மாதத்திலிருந்து பதினான்காயிரம்.
சனிக்கிழமை சமூக மன்றத்தில் ஸூம்பா.
பக்கத்தில் எழுபது வயது மேடம் இங்.
நான் வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம்
இடப்பக்கம் திரும்பி
சரியாக இருப்பவர் அவர்.

சர்க்கரையை விட்டேன்.
காப்பிக் கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே
'கோப்பி ஓ கோசோங்' என்று உள்ளே குரல் கொடுக்கிறார்,
துக்கச் செய்தி சொல்வதுபோல.

எனக்குத் துணையாக என்று சொல்லி
அருள்நம்பி மூன்று வாரம் புரோட்டாவை விட்டார்.
நாலு கிலோ போய்விட்டது.
நடக்கவில்லை, வியர்க்கவில்லை,
சோபாவில் உட்கார்ந்தபடியே நாலு கிலோ.
பெல்ட்டில் புதுத்துளை போட
ஆணியும் சுத்தியலும் என்னிடம்தான் கேட்டார்.
எடுத்துக் கொடுத்தேன்.
திருமண வாழ்வில் நான் செய்த தியாகங்களை
யாராவது எழுதினால்
இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாலிகிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள்.
தைராய்டு சரி. சர்க்கரை சரி.
நல்ல செய்தி என்றார் டாக்டர்.
காரணம் இதுதான் என்று கைகாட்ட
ஒரு சின்ன நோயாவது இருந்திருக்கலாமே என்று
பேருந்தில் நினைத்து
வாயில் அடித்துக்கொண்டேன், மெதுவாக.

தசை கூடியிருக்கும் அக்கா என்கிறாள்
அலுவலகத்து ஷிவ் லிங்.
வயசு என்கிறாள் நாத்தனார்.
நான் எதுவும் சொல்வதில்லை.
இரவு பதினொன்றுக்கு
ஃபிரிட்ஜின் வெளிச்சத்தில் நின்று
மகன் மிச்சம் வைத்த நாசி லெமாக்கில்
நெத்திலியை ஒவ்வொன்றாகப் பொறுக்கியதை
கடிகாரம் எண்ணவில்லை.
ஆகவே நானும் எண்ணவில்லை.

போன வாரம் மின்தூக்கி பழுது.
அரிசி மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு
எதையோ யோசித்தபடி படியேறி
ஒன்பதாம் மாடியில் சாவியைத் தேடும்போதுதான்
எங்கும் நிற்கவில்லை என்பது உறைத்தது.
அருள்நம்பி ஐந்தாம் மாடிப் படியில்
உட்கார்ந்திருந்தார்,
புதுத்துளையோடு.

இன்று காலை
முன்னால் ஓடியவர் சட்டென்று நின்றார்,
எதிரே வந்த சைக்கிளும் நின்றது.
உடும்பு.
வாலோடு சேர்த்தால் என் உயரம் இருக்கும்.
வயிறு சிமெண்டைத் தடவ
ஒரு கால் வைத்து, நாக்கை நீட்டி யோசித்து,
இன்னொரு கால்.
ஆறு பேர் வழிவிட்டு நின்றோம்.
போக மறுப்பதையெல்லாம்
உடும்புப்பிடி என்கிறோம்,
அது எதையும் பிடித்திருக்கவில்லை.
தன் கனத்தைத் தானே இழுத்துக்கொண்டு
சரிவில் இறங்கியது.
தண்ணீர் அதை
நிறுத்துப் பார்க்காமல் உள்ளே விட்டது.

மணிக்கட்டு அதிர்ந்தது.
அசையாமல் நிற்கிறீர்களே,
நடையை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டது கடிகாரம்.
நிறுப்பதும் நிறுத்துவதும்
நம் மொழியில் அடுத்தடுத்த வீடு.

இல்லை என்று அழுத்தினேன்.
வியர்வையில் விரல் வழுக்கியது.
இன்னொரு முறை அழுத்தவேண்டியிருந்தது.