ஐஸ்கிரீம் டப்பா

உருளைக்கிழங்குப் பாத்தியில் ஒரு கரடி நின்றது.
படத்தில் நின்றது என்றுதான் சொல்ல வேண்டும்,
அப்படிச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஹீயுமா தீவு, நகராட்சி, இரண்டாவது மாடி,
காட்டு விலங்குப் புகார்கள்.
போன டிசம்பரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்
ஏழு ஓநாய்களை வாசற்படியில் உட்கார வைத்து அனுப்பினான்.
மீசையில் பனிகூட ஒட்டியிருந்தது.
ஒரு நாள் விடுமுறை விட்டோம்.
பிறகு மீன்கடையில், படகில், தேவாலயத்தில்கூடச் சிரித்தார்கள்.
அன்றிலிருந்து
நகங்களை எண்ணுகிறேன்.

ஊர்மஸின் கரடிக்கு இடது முன்காலில் நான்கு நகம்.
அதன் நிழல் கிழக்கே விழுகிறது,
வேலியின் நிழலோ
கொஞ்சம் யோசித்து விழுகிறது.
நம்பத்தக்கதல்ல என்று முத்திரை குத்தினேன்,
மரியாதைக்கு ஒரு வரியும் சேர்த்து.

மறுநாள் இன்னொரு படம். ஐந்து நகம்.
கேட்டதால் வந்த ஐந்தோ என்று
அதையும் தள்ளினேன்.
மூன்றாவது ஒரே மங்கல், பாதியை ஒரு கட்டைவிரல் மறைத்தது.
மங்கலையும் இப்போது கேட்டு வாங்கலாம்,
கட்டைவிரலையும்.

வியாழக்கிழமை பஸ்ஸில் ஆளே வந்துவிட்டார்.
தபால்காரச் சட்டை, அதில் ஓட்ஸ் உமி,
கையில் இரண்டு லிட்டர் வனிலா டப்பா.
என் மேஜையில், புகார்ப் படிவத்தின் மேலேயே வைத்து
மூடியைத் திறந்தார்.

அவர் பேசவில்லை.

வரி கட்ட வந்த பெண் அடுத்த அறையிலிருந்து
"கடவுளே" என்றாள்.
செரிக்காத ஓட்ஸ், நீலப் பெர்ரியின் தோல்.
எங்கிருந்தோ வந்த ஓர் ஈ
முதல் சாட்சியாக உட்கார்ந்தது.

கண்ணால் காண்பதும் பொய் என்றார்கள்,
காதால் கேட்பதும் பொய் என்றார்கள்.
மூக்கை ஏன் விட்டுவைத்தார்கள் என்று
அன்றைக்குத் தெரிந்தது.

ஜன்னலைத் திறந்துவிட்டு
முத்திரையை மாற்றிக் குத்தினேன்.
"டப்பாவைக் கொடுங்கள்" என்றார் ஊர்மஸ்,
"அது என் மனைவியுடையது, அவளுக்குத் தெரியாது."

அவர் போனபின் பழைய கோப்பை எடுத்தேன்.
தள்ளிய படங்கள் நாற்பத்தொன்று.
அதில் ஒரு மான், சாலையோரம், தலை மட்டும் தூக்கியபடி.
இன்னும் மூச்சிருக்கிறது, யாரையாவது அனுப்புங்கள்
என்று எழுதியிருந்தாள் ஒருத்தி.
கீழே என் பதில்:
"இரத்தத்தின் நிறம் இயல்பாக இல்லை."

அவள் மறுபடி எழுதவில்லை.
அவளிடம் டப்பா எதுவும் இருந்திருக்காது.