எத்தனை சுவர்?

மண்ணடியில் கடைப்பையன் இம்தியாஸ்
முதலில் விலையைச் சொல்லவில்லை.
"எத்தினி செவுரு?" என்றான்.

நான் சதுர அடியைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன்.
ஆண்டெனா எத்தனை, கியாரண்டி எத்தனை வருஷம்,
பால் கணக்கு நோட்டின் பின்பக்கம்
கேள்விகளை வரிசையாக எழுதி வைத்திருந்தேன்.
சுவர் அதில் இல்லை.

"அஞ்சு வேகமா ஓடும்க்கா,
செவுர கண்டா நின்னுடும்.
ரெண்டு புள்ளி நாலு மெதுவாத்தான் வரும்.
ஆனா வந்துடும்."
என் வீட்டுக்காரர் எட்வின் அஞ்சு
என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பு வந்தது.
மல்லாந்த கரப்பான் மாதிரி
ஆறு ஆண்டெனாவோடு ஒன்றை எடுத்துக் காட்டினான்,
ஐயாயிரத்துச் சொச்சம்.
"இது பங்களாவுக்கு" என்று அவனே உள்ளே வைத்தான்.

பழையது போன வாரம் செத்துப்போனது.
ஒயர் செருகும் வாயில் பச்சை பூத்திருந்தது.
காசிமேட்டுக் காற்றுக்கு
இரும்பென்ன, பித்தளையென்ன, எல்லாம் கருவாடுதான்.
அன்று ராத்திரி ஒன்றே முக்காலுக்கு
ஓஹையோவில் யாரோ ஒருவருடைய பித்தப்பைக்கு
எண் போட்டுக்கொண்டிருந்தேன்.
எடுத்தாச்சா, இன்னும் உள்ளேதான் இருக்கிறதா
என்று எழுதுவதற்குள் சிவப்பு விளக்கு.
காலையில் டீம் லீடர் கேட்டார்,
பித்தப்பை ஏன் பாதியில் நிற்கிறது?

பனைமரத்தொட்டிக்குத் திரும்பி வந்து எண்ணினேன்,
கேபிள்காரர் ஒயர் இறக்கிய தெருப்பக்க அறையிலிருந்து
நான் வேலை பார்க்கும் பின்கட்டு வரைக்கும்.

முதல் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும், ஒன்றரை அடி.
அதன் ஜன்னல் விளிம்பில் இரண்டு குடம் நிற்கும்.
இரண்டாவதும் அதே.
மூன்றாவதில் சாய்ந்து பீரோ, பீரோவில் ஆளுயரக் கண்ணாடி.
அவற்றையும் கணக்கில் சேர்க்கச் சொல்லியிருந்தான்.
நான்காவதை
எண்ணலாமா வேண்டாமா என்று நின்றேன்.

அது குறுக்கே நிற்கவில்லை.
நீளத்துக்கும் கூடவே வருகிறது.
வீட்டோடு பிறந்ததும் இல்லை.
நாலு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை
எட்வினுடைய அண்ணன் லாசர்
நடையை இரண்டாக்கி எழுப்பியது.
ஹாலோ பிளாக், நாலு இஞ்ச்.
எங்கள் பக்கம் இன்னும் பூசவில்லை.
யார் செலவு என்று முடிவாகவில்லை.
அந்தப் பக்கம் ஃபிலோமி அக்கா
மிளகாய் கிள்ளிப் போட்டால் எனக்குத் தும்மல்.

பின்கட்டில் நின்று போனைத் திறந்தால்
எல்லாக் கோடும் நிறைந்து ஒரு பெயர் வருகிறது:
'லாசர் ஒன்லி'.
பக்கத்தில் சின்னப் பூட்டு.
சுண்ணாம்பிடம் தோற்றுப்போகிற அதே காற்று
இந்தச் சுவரைச் சுவராகவே மதிக்கவில்லை.

இடம் முடிவான பிறகுதான் ரூட்டர் முடிவானது.
ஆயிரத்து எண்ணூறு, இரண்டே ஆண்டெனா,
இருபது மீட்டர் ஒயர் தனி.
பரண் ஓரமாக இழுத்துப் பின்கட்டுக்கே கொண்டுவந்தேன்.
தண்ணீர் தெறிக்காமல், பீரோ மறைக்காமல், பிளக் எட்டுகிற
ஒரே இடம்
அந்தப் பூசாத சுவர்.

ஆணியை வைத்து ஒரு அடி.
இன்னொரு அடி.
மூன்றாவது என்னுடையதில்லை.
அந்தப் பக்கமிருந்து, கரண்டிக் காம்பால் போல.
"எவ அது?"

எங்கள் சின்னவன் புதுநன்மைக்கும் வராத குரல்.
"நான்தான்க்கா" என்றேன்.
வாயில் அடுத்த ஆணி இருந்ததால்
சரியாக வந்ததா தெரியவில்லை.
எடுத்துவிட்டுச் சொன்னேன், "ஆணி."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி
முடியாமல் போய்க்கொண்டே இருந்தது.
பிறகு,
"இந்தாண்ட மாதா படம் மாட்டிக்குது.
பாத்து அடி."

பார்த்து அடித்தேன்.

பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டது ரூட்டர்.
"எட்வின் ஒன்லின்னு போடேன்" என்றார் எட்வின், சாப்பிட்டுக்கொண்டே.
கம்பெனிக்காரன் கொடுத்த எண்ணையே விட்டுவிட்டேன்.

ஒன்றே முக்காலுக்கு
பூசாத கல்லின் மேல் பச்சை விளக்கு.
வேறு ஊர், வேறு ஆள், இன்னொரு பித்தப்பை.
எடுத்தாச்சு என்று எழுதினேன்.
போய்ச் சேர்ந்தது.